பந்தைப் பார்க்காத டைம்கீப்பர்

உலகத்தில் உதைபந்தாட்டம் பார்க்கிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். அத்தனை பேரிலும் பந்தைப் பார்க்காமலே ஆட்டம் பார்க்கிற ஒரே மனிதர் மட்டக்களப்பில்தான் இருக்கிறார். எங்கள் கல்லூரி விளையாடும்போதெல்லாம் எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால், சைக்கிள் கரியரில் குந்தியிருப்பார். பெயர் யாருக்கும் தெரியாது. டைம்கீப்பர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பஸ் நிலையத்துக் கூண்டுக்குள் இருந்து, எந்தத் தனியார் பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று பார்த்து விசில் ஊதுகிற உத்தியோகம். நாங்கள் அவரை மாமா என்போம்.

கோல் விழுந்து கூட்டமே துள்ளிக் குதிக்கும். அவர் குனிந்து கொப்பியில் எதையோ எழுதி முடித்துவிட்டு, பக்கத்தில் நிற்கிறவனிடம் ஆறுதலாகக் கேட்பார்.

"ஆரு மனே அடிச்ச?"

பெரும்பாலும் அடித்தது மற்றப் பக்கமாகத்தான் இருக்கும். அந்த வருடம் எங்கள் டிபென்ஸ் அப்படி. நான்தான் அதில் லெப்ட் பெக். எங்களைக் கடந்து போக எதிரணிக்காரன் ஓட வேண்டியதில்லை, நடந்தாலே போதும் என்று கன்டீனில் பேசிக்கொண்டார்கள். கன்டீன் இரண்டு கட்சியாகவும் பிரிந்து போயிற்று. பின்னுக்கு நிற்கிற நாலு பேருக்கும் காலில் வேகம் இல்லை என்பது ஒரு கட்சி. கால் நல்ல கால்தான், பழக்குகிறவர் சரியில்லை என்பது மற்றக் கட்சி. நாங்கள் நாலு பேரும் நடுவில் இருந்து தேநீர் குடிப்போம். எங்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

எங்கள் கோச் சேர் முதலாவது கட்சியின் தலைவர். அவர் ஒரு காலத்தில் ஓட்டவீரர். உலகத்தின் எல்லா வியாதிக்கும் ஓட்டம்தான் மருந்து என்பார். இடுப்பில் டயரைக் கட்டி மைதானத்தைச் சுற்ற விட்டார். இரண்டு கிழமை சுற்றினோம். அதற்குப் பிறகு வந்த ஆட்டத்தில் நாலு கோல் வாங்கினோம். வேகமாக ஓடிப்போய் வாங்கினோம் என்பதுதான் வித்தியாசம்.

டைம்கீப்பர் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு விஷயம்தான் விஷயம்: புறப்பாடு. சாமியார் வந்தாலும், பொலிஸ் வந்தாலும், யாருக்காகவும் பஸ்ஸை ஒரு நிமிடம் பிந்த விட்டவர் இல்லை. மண்டூர்த் திருவிழாவுக்குப் போக அவருடைய மனைவி ஒரு கால் புட்போர்டில், ஒரு கால் தரையில், அரிசிப் பெட்டியைத் தூக்கக் குனிந்திருக்கிறா. நேரம் வந்துவிட்டது. விசில். மனைவி போய்விட்டா, பெட்டி நின்றுவிட்டது. பெட்டியை அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார், அதுவும் சரியான நேரத்துக்கு. திருவிழா முடிந்து பத்து நாளாகியும் வீட்டில் மனைவி வாய் திறக்கவில்லையாம்.

"நல்ல அமைதி கா," என்றார் எங்களிடம்.

இப்படிப்பட்டவர் எங்கள் டிபென்ஸை எப்படித்தான் சகித்துக்கொண்டு இருந்தாரோ தெரியாது. ஒருநாள் சகிக்க முடியாமல் போய்விட்டது. எதிரணிக்காரன் ஒருவன் என் பக்கத்தால் வருகிறான், நான் நிற்கிறேன், இன்னும் நிற்கிறேன். பின்னால் இருந்து பஸ் விசில் ஒன்று காதைக் கிழித்தது. இருபத்திரண்டு பேரும் அப்படியே நின்றோம். வந்தவன் ஓவ்சைட் என்று நினைத்துப் பந்தை விட்டுவிட்டுக் கையை விரித்தான். எங்கள் கோலி பந்தை எடுத்து அணைத்துக்கொண்டான். அப்புறம் அரைமணி நேரச் சண்டை. றெப்றி கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் விசிலைப் பறித்தார்.

"ஐயா, நீங்க ஏன் ஊதின?"

"அவன் புறப்பட வேண்டிய நேரம் தம்பி," என்று என்னைக் காட்டினார்.

மறுநாள் பஸ் நிலையத்தில் விசில் இல்லை. பஸ்களை வாயாலேயே புறப்பட வைத்தார் என்று கேள்வி.

விசில் ஊதிய அன்றைக்கே, ஆட்டம் முடிய என்னைக் கூப்பிட்டுக் கொப்பியைக் காட்டினார். பஸ்களுக்குக் கோடு போடுகிற மாதிரியே கோடு. பின்னுக்கு நிற்கிற நாலு பேருக்கும் நாலு வரி, ஒவ்வொருவருக்கும் ஊர்ப் பெயர். நான் பழுகாமம். வரி முழுக்கப் பிந்தல், பிந்தல், பிந்தல்.

"வேகம் எண்டது பிந்திப் புறப்பட்டவனுக்குத்தான் மனே தேவை. நேரத்துக்கு வெளிக்கிட்ட பஸ் ஆறுதலாத்தான் போகும், போற இடத்துக்குப் போய்ச் சேரும். நீ மெதுவான ஆள் இல்ல. பிந்தின ஆள். புறப்பட முந்தி ஒவ்வொருக்காவும் தலையத் திருப்புறாய். எங்க பாக்கிறாய்?"

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நான் கோச் சேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்தின் மற்றக் கரையில் நின்று "ஏறு! இறங்கு! போ!" என்று அவர் கத்துவார். வாவிக் காற்று அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் என்னிடம் தரும். அதற்குள் வருகிறவன் போய்விடுவான்.

"சேர் சொல்லாம எப்படி மாமா போற?"

நான் பகிடிக்குக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன் பள்ளிக்கூடம் போனவர் யாரும் இல்லை. முதல் நாள் வாசலில் விட்டுவிட்டு அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: "சேர் சொல்றத மட்டும் செய்." அதை வைத்துத்தான் கல்லூரி வரைக்கும் வந்திருந்தேன். மற்ற மூன்று பேரும் ஏறக்குறைய அப்படித்தான்.

டைம்கீப்பர் கொப்பியைத் தூக்கிக்கொண்டு நேரே கோச் சேரிடம் போனார்.

"தம்பி, பொடியனுகள்ள பிழை இல்ல. உங்கட வாயிலதான் பிழை. ஒரு ஆட்டம் சும்மா இருந்து பாருங்க."

"நீங்க போய் பஸ்ஸ ஓட்டுங்க. நான் டீம ஓட்டுறன்."

"நான் பஸ் ஓட்டுற இல்ல தம்பி. வெளிக்கிட வைக்கிற."

இந்த உதவியின் பலன் அடுத்த நாளே எனக்குக் கிடைத்தது. கடைசி ஆட்டத்தில் என் இடத்தில் நூறு மீற்றர் சம்பியன் ஒருவன் விளையாடுவான் என்று கோச் சேர் சொல்லிவிட்டார்.

அது சும்மா கடைசி ஆட்டம் இல்லை. அதோடு என் படிப்பும் முடிகிறது. ஆட்டம் களுவாஞ்சிக்குடியில். பாலத்தைக் கடந்தால் பழுகாமம். என் படிப்பு சம்பந்தமான எதையும் ஒருநாளும் கண்ணால் பார்த்திராத அப்பா, வயலில் இருந்து சைக்கிளில் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். வந்து, நான் வாங்குப் பலகையில் இருந்து தண்ணீர்ப் போத்தல் காவல் காப்பதைத்தான் பார்க்கப் போகிறார். பஸ் கூண்டுக்குப் போய் டைம்கீப்பரிடம் சொன்னேன்.

"ஓ," என்றார். அவ்வளவுதான். எழுந்து கல்முனை பஸ்ஸைப் புறப்பட வைத்தார்.

ஆட்டத்தன்று நாங்கள் காலையிலேயே லொறியில் போய்விட்டோம். கோச் சேர் மத்தியானம் வகுப்பு முடித்துவிட்டுப் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. ஆட்டம் தொடங்கும் நேரமாயிற்று, சேரைக் காணவில்லை. பெயர்ப் பட்டியல் அவருடைய சட்டைப் பையில். கப்டன் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, "பழைய ஆக்களே இறங்குங்கடா" என்றான்.

இறங்கினோம். முதல் தடவை ஒருவன் என் பக்கத்தால் வந்தபோது வழக்கம்போலத் தலையைத் திருப்பினேன். அங்கே சேர் இல்லை, ஒரு ஆடுதான் நின்றது. ஆடு ஒன்றும் சொல்லவில்லை. நானே போனேன். போனால், பந்து என் காலில் இருக்கிறது! அடுத்த முறை தலையைத் திருப்பவில்லை. இடைவேளை வரை ஒரு கோலும் விழவில்லை. எங்கள் கோலி குளிருகிறது என்றான்.

இடைவேளைக்குத்தான் கோச் சேர் வியர்த்து வழிந்து வந்து சேர்ந்தார். வந்ததும் சம்பியனைச் சப்பாத்துப் போடச் சொன்னார்.

"சேர், நாங்க இன்னும் ஒண்டும் வாங்கல்ல," என்றான் கப்டன்.

சேர் அவனைப் பார்த்தார். எங்கள் கோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சப்பாத்தக் கழட்டு," என்றார் சம்பியனிடம். இரண்டாவது பாதி முழுக்க நகத்தைக் கடித்தபடி நின்றார், கத்தவில்லை.

ஆட்டம் பூச்சியத்துக்குப் பூச்சியம். நாங்களும் அடிக்கவில்லைதான். அது முன்னுக்கு நிற்கிறவர்களின் பிரச்சினை. அப்பா சைக்கிளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றவரிடம் சொன்னதை நான் கேட்டேன்: "வயல் வட்டைக்குள்ள ஒரு மாடும் இறங்கல்ல. நல்லாத்தான் காவல் காத்திரிக்கான்."

விஷயம் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவந்தது. கோச் சேர் வந்த பஸ்ஸை ஓட்டிய காத்தான்குடி நானா சொன்னார்.

"தம்பி, வல்லாஹி, இத்தின வருசம் இந்த ரோட்டுல ஓடுறன், அந்த மனிசன்ட வாயால 'கொஞ்சம் பொறு' எண்டு நான் கேட்டதில்ல. அண்டைக்கு நாப்பது நிமிசம் பொறு பொறு எண்டாரு. ஒங்கட கோச்சு வேற பஸ்ஸுக்கு இறங்கப் பாத்தாரு. 'இருங்க, இந்தா வெளிக்கிடுது' எண்டாரு. அவரு சொன்னா ஆரு நம்பாம இரிக்கிற? சனமெல்லாம் போன்ல நேரம் பிழைச்சிட்டு எண்டு தட்டித் தட்டிப் பாக்குது!"

பஸ் முதலாளிமார் கூடி, டைம்கீப்பரை இரண்டு கிழமை கூண்டுப் பக்கம் வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். நான் நாவற்குடாவில் அவர் வீட்டைத் தேடிப் போனேன்.

"மாமா, எனக்காகவா?"

"மணிக்கூடு நிண்டுட்டு மனே," என்றார். சுவரில் மணிக்கூடு டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது: "எனக்கு ஒரு நாளும் நிக்காத மணிக்கூடு!"

மூன்று பேரும் தேநீர் குடித்தோம். அந்த இரண்டு கிழமையும் நான் பின்னேரத்தில் அங்கே போனேன். பேச ஒன்றும் இல்லாத நாட்களிலும் போனேன். ஒரு நாளாவது அவர் என்னிடம், "நேரமாயிட்டு, வெளிக்கிடு" என்று சொல்லவில்லை.