பிஎஃப் கேட்கப் போன முதலாளி

எங்கள் வீட்டில் முதன்முதலில் டிகிரி வாங்கியவள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

தீப்பிடித்த தோல் கிடங்கு, மழைநீர் புகுந்த ஷூ கம்பெனி என்று நேரில் போய்ப் பார்த்து, நஷ்டம் எவ்வளவு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை தரும் சர்வேயர் வேலை எனக்கு. அறிக்கைக்கு இவ்வளவு என்று கட்டணம். அதில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினே கதியென்று இருந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"புடிச்சாங்கன்னா அது பிஎஃப்பு. நல்லதுதான்."

எங்கள் தெருவில் சம்பளத்தில் பிடிக்கிற பணத்துக்கு வேறு பெயர் கிடையாது. (டிகிரி அப்போது வாயைத் திறக்கவில்லை.) என் இரண்டு வருடப் 'பிஎஃப்'பை நம்பி அம்மா கொத்தனாரைக் கூப்பிட, அவர் குளியலறைக்குப் பள்ளமே தோண்டிவிட்டார்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு இன்சூரன்ஸ் கம்பெனியின் வேலூர் கிளைக்குப் போய், பிஎஃப் எடுக்க ஃபாரம் கேட்டேன். மேனேஜர், "எந்த ஃபாரம் மேடம்?" என்று விழித்தார்.

"தொழிலாளி பணத்த ரெண்டு வருஷமா வெச்சிருக்கீங்க. சட்டம் எனக்கும் தெரியும் சார்." ஹால் முழுக்கக் கேட்கும் குரலில்தான் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை.

"நீங்க எங்க தொழிலாளியே இல்ல மேடம். தனியா தொழில் பண்றவங்க. நாங்க புடிச்சது வருமான வரி. ரிட்டர்ன் போட்டீங்களா?"

போடவில்லை. அம்மா இடையில் புகுந்தாள்.

"அப்போ இவளுக்கு யாரு சார் மொதலாளி?"

"அவங்களேதாம்மா."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இன்னாடி, ரெண்டு வருஷமா ஒருத்திகிட்ட வேல வாங்கியிருக்க, பிஎஃப் கட்டலயா நீ?"

கேஷியர் கவுன்ட்டருக்கு அடியில் குனிந்துகொண்டார்.

ரிட்டர்ன் போட்டுத் தந்த லாங் பஜார் பக்கத்து ஆடிட்டர், பெட்ரோலையும் தோல் பதனிடும் ஷாப்களின் கழிவுநீரில் நைந்துபோன மூன்று ஜோடி ஷூவையும் தொழில் செலவாகக் கழித்தார். ஆபீசர் மாதிரித் தெரிய நான் வாங்கிய பட்டுப்புடவையை மட்டும் பேனாவால் அடித்துவிட்டார். முதல் வருடத்துக்குக் கெடு முடிந்திருந்தது; இரண்டாம் வருடப் பணம் மட்டும் திரும்பி வந்தது. அதில் குளியலறைச் சுவர் இடுப்பு உயரத்தோடு நின்றது.

அம்மா வேலையிலிருந்து நின்றபின், அவளுடைய அசல் பிஎஃப்பில்தான் மீதிச் சுவரும் கூரையும் வந்தன. சுவரின் நடுவில் சிமெண்ட் நிறம் மாறுகிற இடம் பளிச்சென்று தெரியும். வருகிற உறவுக்காரர்களை அம்மா முதலில் அங்கேதான் அழைத்துப் போவாள்.

"இதோ, இது வரைக்கும் மொதலாளி கட்னது. இதுக்கு மேல தொழிலாளி கட்னது."