பஸ்ஸுக்குப் பச்சை தேடிப் போன கதை

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. பாயான் பாரு போற பழைய பஸ்ஸோட பச்சை எந்தப் பச்சைன்னு பாத்துட்டு வரணும். அவ்வளவுதான்.

இது எண்பதுகள்ல நடந்தது. அப்ப நான் ஜார்ஜ் டவுன்ல ஒரு வக்கீல் ஆபிஸ்ல கிராணி, அதாவது குமாஸ்தா. மத்தவங்க ஸ்டாம்பு சேத்தாங்க. நான் பஸ் சேத்தேன். உள்ளங்கையில அடங்குற இரும்பு பஸ்.

சிக்கல் என்னன்னா, கடையில கிடைக்கிறது எல்லாம் இங்கிலாந்து பஸ். நம்ம பினாங்கு பஸ்ஸ எவனும் செய்யல. அதனால அதையே வாங்கி, பெயிண்ட சுரண்டிட்டு, நம்ம ஊர் கலர் அடிச்சிருவேன்.

"வெள்ளைக்காரனுக்கே ஞானஸ்நானம் குடுக்குறாரு எங்க வீட்டுக்காரரு"ன்னு என் மனைவி ரோஸ்லின் கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லுவா. பெருமையா சொன்னாளான்னு நான் கேட்டதில்ல.

அந்தப் பழைய பச்சை பஸ் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் ஓடிட்டு இருந்துச்சு. அதையும் சீக்கிரம் உடைக்கப் போறாங்கன்னு பேச்சு. விட்டா கலரே போச்சு!

சனிக்கிழமை அரை நாள் வேலை. முடிச்சுட்டு நேரா பெர்ரி கப்பல்துறை பக்கத்து பஸ் ஸ்டேசனுக்குப் போனேன். வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துல டை, கையில பெயிண்ட் கடையில வாங்கின கலர் அட்டை, அளவு டேப்பு, டார்ச் லைட்டு. தோள்ல பை, பைக்குள்ள சுரண்டின பஸ்.

அட்டைய பஸ்ஸு மேல வச்சு வச்சுப் பாத்தேன். எல்லாப் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரிஞ்சுச்சு.

அப்ப டிரைவர் கோப்பிக் கடையில இருந்து வந்தாரு. ஐம்பது வயசு இருக்கும். என்னைப் பாத்ததும் சிகரெட்ட கீழ போட்டு மிதிச்சாரு. சட்டைப் பொத்தான எல்லாம் போட்டாரு.

"வணக்கம் சார். முன்னாடியே சொல்லியிருந்தா கழுவி வச்சிருப்பேன் சார்."

என்ன மரியாதையான மனுசன்னு நினைச்சேன்.

"பரவால்லண்ணே. இந்த பம்பர் கம்பெனி பம்பரா, நடுவுல மாத்துனதா?"

"நான் மாத்தல சார்! எனக்கு முன்னாடி ஓட்டுனவரு மாத்துனது!"

"டயரு?"

"போன மாசம்தான் சார் புதுசு போட்டோம்."

பம்பர அளந்தேன். பின்னாடி புகைக்குழாய் எப்படி வளையுதுன்னு தெரியணுமே, தரையில படுத்து டார்ச் அடிச்சுப் பாத்தேன். டிரைவரும் பக்கத்துல குனிஞ்சாரு.

"பிரேக்கு நல்லா புடிக்கும் சார்."

"நான் பிரேக்கப் பாக்கல"ன்னேன்.

அவருக்கு அது ஆறுதலா இல்ல.

பஸ்ஸு நிறைய மத்தியான ஷிப்டுக்குப் போற ஃபேக்டரி பொண்ணுங்க. சரசு அக்கான்னு ஒருத்தங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாங்க.

"அண்ணே, யாரு அது?"

டிரைவர் வாயைத் திறக்காம முணுமுணுத்தாரு. "போக்குவரத்து ஆபிசரு."

என் காதுல அது விழல. விழுந்திருந்தா இந்தக் கதையே இல்ல.

சரசு அக்கா உடனே இறங்கி வந்தாங்க. "சார், மழை வந்தா என் சீட்டு ஒழுகுது சார்! பெல்லு அடிச்சா நிக்கிறதே இல்ல!"

"அப்படியாக்கா? எந்த இடத்துல ஒழுகுது?"

மாடல்ல துரு அந்த இடத்துலதானே வைக்கணும்? பேனாவ எடுத்து அட்டைக்குப் பின்னாடி எழுதிக்கிட்டேன்.

டிரைவருக்கு வேர்த்து ஊத்துச்சு.

நான் பஸ்ஸத் தடவிக் குடுத்து, பெருமூச்சு விட்டுச் சொன்னேன். "இனிமே இத ரோட்டுல பாக்க முடியாது, என்னண்ணே?"

டிரைவர் என்னையே பாத்தாரு. உள்ள ஏறினாரு. எஞ்சின ஆஃப் பண்ணினாரு. இறங்கி வந்து சாவிய என் கையில வச்சாரு.

"எல்லாரும் இறங்குங்க. பஸ்ஸு போகாது. ஆபிசரு ஆர்டர்."

ஆபிசரான்னு நானும் திரும்பிப் பாத்தேன். பின்னாடி யாரும் இல்ல.

பஸ்ஸே என்னைச் சுத்தி நின்னுச்சு. "ஷிப்டுக்கு லேட்டானா சம்பளம் வெட்டுவான், நீங்களா சார் குடுப்பீங்க?"ன்னு சரசு அக்கா கத்தினாங்க. ஒழுகுற சீட்ட அவங்க மறந்தே போயிட்டாங்க.

வேற வழி இல்ல. பைக்குள்ள கைய விட்டு இரும்பு பஸ்ஸ எடுத்துக் காட்டினேன்.

"நான் ஆபிசர் இல்லக்கா. இதுக்குப் பெயிண்ட் அடிக்கத்தான் கலர் பாக்க வந்தேன்."

சரசு அக்கா குனிஞ்சு பாத்தாங்க.

"பொம்மையா?"

"பொம்மை இல்லக்கா. மாடல்."

"சக்கரம் சுத்துமா?"

"சுத்தும்."

"அப்ப பொம்மைதான்லா!"

டிரைவர் என் கையில இருந்து சாவியப் புடுங்கினாரு. "யோவ், ஒரு சிகரெட்டு முழுசா போச்சுய்யா!"

ஏறிச் சாவியத் திருப்பினாரு. பஸ்ஸு ஒரு தடவ இருமிட்டு அடங்கிருச்சு.

"காலையில ஸ்டார்ட் பண்ணா சாயங்காலம்தான் ஆஃப் பண்ணுவேன். நடுவுல ஆஃப் பண்ணா தள்ளித்தான் ஆகணும்"னாரு.

எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

டையத் தோளுக்குப் பின்னாடி போட்டுக்கிட்டு, நெஞ்சக் குடுத்துத் தள்ளினேன். பக்கத்துல சரசு அக்காவும் ஃபேக்டரி பொண்ணுங்களும். "சார், நல்லா தள்ளுங்க சார்!" ஸ்டேசன் முனை வரைக்கும் அந்த 'சார்' நிக்கவே இல்ல. அங்க பஸ்ஸு உறுமிச்சு. ஓடி ஓடி ஏறிக்கிட்டாங்க. மிஞ்சினது நானும் புகையும்.

குனிஞ்சு பாத்தா, சட்டை முழுக்கப் பச்சை! பழைய பெயிண்டு மாவு மாதிரி ஒட்டியிருந்துச்சு.

அப்படியே பெயிண்ட் கடைக்குப் போனேன். கடை முதலாளி தவுக்கே ஒண்ணும் கேக்கல. என் நெஞ்சு மேல அட்டைய வச்சுப் பாத்து, ஒரு டின்ன எடுத்துக் குடுத்தாரு.

மாடல் அச்சு அசலா வந்துச்சு. அதைப் பையில போட்டுக்கிட்டு, அந்த டிரைவர்கிட்ட காட்டிட்டு, ஒரு மன்னிப்பும் கேட்டுட்டு வரலாம்னு சில வாரம் கழிச்சுப் போனேன். பஸ்ஸு இன்னும் ஓடிட்டுதான் இருந்துச்சு.

"வாங்க தம்பி, உங்க நினைப்புதான்!"

"ஏண்ணே?"

"போன வாரம் ஒரு ஆளு வந்தான். டீசட்டை, ஜப்பான் சிலிப்பர். டயரத் தட்டுறான், கீழ படுத்துப் பாக்குறான், பேனாவ எடுத்து எழுதுறான். நான் விடுவேனா? 'பொம்மைதானே? போன தடவ வந்தவன் தள்ளுனான், நீயும் தள்ளு'ன்னேன்."

"தள்ளினாரா?"

"முனை வரைக்கும் நல்லா தள்ளினாரு தம்பி. தள்ளி முடிச்சுட்டுத்தான் ஆபிசர் கார்டு காட்டினாரு."

நான் பையைத் திறக்கல.