பின்னந்தலை இல்லாத ஆறு மணி நேரம்

உயிரோடு இருக்கும்போதே உடம்பில் ஒரு பாகம் மட்டும் செத்துப்போனால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், கையைத் தூக்க எனக்குத் தகுதி உண்டு. என் பின்னந்தலை ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குச் செத்து, மாலை மூன்று மணிக்குத் திரும்பி வந்தது. இடையில் என் கழுத்துக்கு மேல் இருந்தது யாருடைய தலை என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். (என் மனைவியைக் கேட்டால், "அப்பவும் அதுல ஒண்ணும் இல்ல, இப்பவும் ஒண்ணும் இல்ல" என்பாள். கேட்காதீர்கள்.)

அப்போது நான் ஒரகடத்தில் கார் கதவு செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப்பிரிவு ஒப்பந்தப் பணியாளன். பெயின்ட் அடித்து வரும் கதவுகளை, நாலு பக்கமும் டியூப்லைட் எரியும் ஒரு கூண்டுக்குள் நின்று பார்ப்பது என் வேலை. கீறல் தெரிந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். சந்தேகம் பெரிதென்றால் கூடவே ஒரு மஞ்சள் ஹோல்டு ஸ்டிக்கர். அதில் என்ன பொருள், என்ன குறை, நிறுத்தியது யார் என்று எழுதியிருக்கும். மஞ்சள் ஒட்டியதை முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. பெயர் போட்டவனே கையெழுத்துப் போட்டு விடுவித்தால்தான் உண்டு.

ஒற்றைத் தலைவலிக்காரனுக்கு இதைவிட மோசமான வேலை கிடையாது. எனக்கு வலி வருமுன் பார்வையில் பாதி போய்விடும். இருட்டாகாது, சும்மா காணாமல் போகும். எங்கள் சூப்பர்வைசர் தனசேகர் அண்ணன் எதிரே நின்று பேசுவார். ஒரு கண், அரை மீசை, அரை வாய் மட்டும் அந்தரத்தில் நின்று என்னைத் திட்டும். அப்படி ஒரு வேளையில்தான் கீறல் விழுந்த கதவு ஒன்றைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

"தபாரு சரவணா," என்றது அரை வாய். "வர்ற வியாழக்கிழம கஸ்டமர் ஆடிட் கீது. உன்னக் கூண்டுல நிக்க வச்சுதான் பாப்பாங்கோ. ஒயுங்கா பண்ணா பர்மனென்ட். கோட்ட வுட்டேன்னு வச்சுக்கோ, அத்தோட ஊருக்குக் கெளம்பிகினே இரு."

விருதுநகர் பக்கத்தில் என் அப்பா, மகன் கார் கம்பெனியில் ஆபீசர் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். திரும்பிப் போகிற இடமா அது?

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நர்சிங் ஹோம் டாக்டர், மாத்திரைகள் எல்லாம் தோற்ற பிறகு, "பின்னந்தலையில நரம்பு வர்ற எடத்துல ஊசி போட்டு அதை மரத்துப்போக வைக்கலாம். சில பேருக்கு நல்லா கேட்குது" என்றார். ஆடிட் நடக்கும் அதே வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு வரச் சொன்னார். எந்த இடத்தில் வலி தொடங்குகிறது என்று கவனித்து வரும்படியும் சொன்னார்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. பிள்ளைப்பாக்கத்தில் என்னோடு அறையில் இருந்தவன் முத்துப்பாண்டி, திருநெல்வேலிக்காரன், அதே தொழிற்சாலையில் கதவுகளைக் கொக்கியில் மாட்டும் லைனில் வேலை. வியாழன் காலை நான் கிளம்பும்போது இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். அவனிடம் ஒரு சிவப்பு அம்பைக் கொடுத்து, பின்மண்டையைத் தடவி வலிக்கிற இடம் சொல்லி, ஒட்டச் சொன்னேன். டாக்டர் தேடக் கூடாதல்லவா?

"ஒட்டிட்டேம்ல. முறையா ஒட்டிருக்கேன். தைரியமா போயிட்டு வால" என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போர்வைக்குள் போனான். அந்த 'முறையா' என்ற சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும்.

மேசை மேல் தலையைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார்கள். அம்பைப் பார்த்ததும் சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிய்த்தெடுத்தார். டாக்டர் அந்த இடத்தில் போடவே இல்லை. விரலால் அழுத்திக்கொண்டே கீழே வந்து, கழுத்தும் மண்டையும் சேரும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்தினார். ஊசி உள்ளே போனதை நான் உணர்ந்ததைவிடக் கேட்டேன் என்பதுதான் சரி. மண்டைக்குள்ளிருந்தே நறநறவென்று ஒரு சத்தம். பிறகு சில்லென்று ஏதோ காதுக்குப் பின்னால் ஏறியது.

ஐந்து நிமிடத்தில் வலி நின்றுவிட்டது. மாதக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸரை யாரோ அணைத்தது மாதிரி ஒரு நிசப்தம். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டேன். விரலுக்கு முடி தெரிந்தது; முடிக்கு விரல் தெரியவில்லை. அறையில் வேறு யாரோ ஒருவர் தலையைத் தடவிவிட்டது போலிருந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.

"தொடாதீங்கோ, தொப்பி வைக்காதீங்கோ. சாயந்திரத்துக்குள்ள சரியாயிடும்" என்றார் சிஸ்டர். தொட நான் என்ன பைத்தியமா?

ஷேர் ஆட்டோவில் பின் சீட்டில் இருந்த பூக்கார அம்மா என் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பினால் பார்வையை மாற்றிக்கொண்டார். மறுபடி முன்னால் திரும்பினேன். "பெருமாளே" என்று முணுமுணுப்பது கேட்டது. அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, அங்கேயே வேறு ஆட்டோவுக்கு நின்றார்.

தொழிற்சாலையில் நிலைமை இன்னும் மோசம். வழக்கமாக என்னை மதிக்காத செக்யூரிட்டி, வழிவிட்டு ஒதுங்கி நின்றார். லைனில் நான் நடக்க நடக்கப் பேச்சு அடங்கியது. முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பவர்கள்கூட நான் கடந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கேன்டீனில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. தனசேகர் அண்ணன் மட்டும் என்னை ஒரு சுற்று சுற்றி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்: "நீ எங்கியும் நவுராத. கூண்டாண்டயே நில்லு. யாரும் இவனத் தொடாதீங்கப்பா."

என் பின்னால் ஏதோ இருக்கிறது. எல்லோருக்கும் தெரிகிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. தெரிய வேண்டிய இடம்தான் செத்துக் கிடக்கிறதே! ஊசி வழியாக உள்ளே இருந்தது ஏதாவது வெளியே வந்துவிட்டதா? அல்லது நான் அந்த மேசையிலேயே முடிந்துபோய், பழக்க தோஷத்தில் ஷிப்டுக்கு வந்துவிட்டேனா? (பர்மனென்ட் ஆக வேண்டும் என்ற வெறிக்கு நான் அதையும் செய்திருப்பேன்.)

மூன்று மணிக்கு ஆடிட் அம்மா வந்தார். வாடிக்கையாளர் கம்பெனியில் பெரிய அதிகாரி, சிரிக்காத முகம். என்னைக் கூண்டுக்குள் போகச் சொன்னார். முன்னும் பின்னும் இரண்டு கறுப்புக் கதவுகள், எதிரெதிராக, கண்ணாடி மாதிரி பளபளத்தன.

குனிந்து முன்கதவைப் பார்த்தேன். அதில் என் முகம் முழுதாகத் தெரிந்தது. என் முகத்துக்குப் பின்னே, ஆழத்தில், இன்னொருவன் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். அவன் பின்னந்தலையில் மஞ்சளாக ஒரே ஒரு கண், இமைக்காமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் போட்ட அலறலில் லைனே நின்றது.

ஆடிட் அம்மா அசையவில்லை. என்னைச் சுற்றி வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, என் பின்மண்டையிலிருந்து சத்தமாக வாசித்தார்:

"பொருள்: தலை. குறை: உள்ளுக்குள்ள வலி. நிறுத்தியவர்: சரவணன், தரப்பிரிவு. ஹோல்டு."

அம்பு மட்டும் ஒட்டினால் பொருள் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும், அது முறை ஆகாது என்று முத்துப்பாண்டி மஞ்சளையும் என் பையிலிருந்து எடுத்து உச்சிக்குக் கீழே ஒட்டி, என் பெயரையும் போட்டிருக்கிறான். அது கம்பெனி அடையாளமாக்கும் என்று சிஸ்டர் விட்டுவிட்டாராம்.

"காலையிலிருந்து இது இவர் தலையில இருக்கா?" என்றார் அந்த அம்மா.

"பதினோரு மணிலேந்து மேடம்," என்றார் தனசேகர் அண்ணன், குற்றவாளி மாதிரி.

"ஏன் யாரும் எடுக்கல?"

"அவன் பேர் போட்டுக் கீது மேடம். அவன் கையெய்த்து இல்லாம நாங்க எப்டி எடுக்கறது? தெரிஞ்சேதான் ஒட்டிக்கினு வந்தான்னு நெனச்சோம்."

கையிலிருந்த தாளில் அந்த அம்மா நீளமாக ஏதோ எழுதினார். பிறகு என்னிடம், "கத்தினது போதும். கதவுல என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்றார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண், முழு மூக்கு, முழு வாய். மனித முகம் இவ்வளவு அகலமானது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கதவின் கீழ் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல் இருந்தது. காட்டினேன். அம்பை நேராக ஒட்டினேன். பிறகு நானே கையெழுத்துப் போட்டு என் தலை மஞ்சளைப் பிய்த்தேன்; சுரீரென்று வலித்ததில் பின்னந்தலை திரும்பி வந்துவிட்டது தெரிந்தது.

ஹோல்டு முறையை இவ்வளவு விசுவாசமாகக் கடைப்பிடிக்கும் தொழிற்சாலையை இதுவரை பார்த்ததில்லை என்று அறிக்கையில் இருந்ததாம். எனக்கு வேலை நிரந்தரமானது. தனசேகர் அண்ணன் தரப்பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னைக் காட்டித்தான் இன்றும் பாடம் எடுக்கிறார்.

கல்யாணத்தன்று தாலி கட்டி நிமிர்ந்ததும் முத்துப்பாண்டி மேடையேறி நிறுத்தியவர் என்று மணப்பெண் பெயர் போட்ட ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை என் மாலையில் ஒட்டி, என் மனைவியிடம் பேனாவை நீட்டினான். அவள் இன்னொரு தொழிற்சாலையில் செல்போன் பரிசோதிப்பவள். நிதானமாக வாசித்துவிட்டு, "இப்பவே கையெழுத்துப் போட முடியாது, பாத்துட்டுச் சொல்றேன்" என்று அதை மடித்து வைத்துக்கொண்டாள். இன்னும் போடவில்லை.

வலி முற்றிலும் போகவில்லை. சில மாதத்துக்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் பின்னந்தலை செத்துப்போகும் அந்தச் சில மணி நேரமும் நான் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பேன். அவள் சுவருக்கும் எனக்கும் நடுவே கையை நுழைத்துத் தலையைத் தடவிக் கொடுப்பதாகச் சொல்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே தடவி முடித்ததும் அவளை எதிரே வரச் சொல்லி, இரண்டு கைகளையும் காட்டச் சொல்வேன். கையில் ஸ்டிக்கர் பிய்த்த தாள் இல்லை என்று பார்த்த பிறகுதான், அவள் தடவ மட்டும்தான் செய்தாள் என்று நம்புகிறேன்.