மருமகளுக்கு நான் செர்பிய மொழி கற்பித்த லட்சணம்

பத்தே நாளில் சிக்ரித்தைச் செர்பிய மொழியில் பேசவைக்கிறேன் என்று சபதம் போட்டேன். செர்பியாவின் நோவி சாத் நகரத்தில் இருபத்தெட்டு வருஷமாக வெளிநாட்டுக்காரர்களுக்கு அரிச்சுவடி கற்றுத் தருகிறவன் நான். சொந்த மருமகளுக்கா முடியாது?

சிக்ரித் நார்வேக்காரி. என் மகன் ஓக்னென் அங்கே வேலைக்குப் போய்க் கட்டிக்கொண்டவள். மூன்று வருஷமாக அவளும் என் மனைவி தாரிங்காவும் போனில் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிப்பதோடு சரி. போனை வைத்ததும் தாரிங்கா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புனித நிக்கோலா எங்கள் குடும்பத்தைக் காக்கும் புனிதர். அவர் திருநாளுக்குப் பத்து நாள் முன்னால் மகனும் மருமகளும் வந்து இறங்கினார்கள். என் திட்டம் இதுதான்: திருநாளன்று விருந்தாளிகளுக்கு முதலில் நீட்டுகிற வெந்த கோதுமைத் தட்டோடு சிக்ரித் வாசலில் நிற்பாள். நான் எழுதிய பன்னிரண்டு வரி வரவேற்புரையைச் சொல்வாள். ஊரே வாயைப் பிளக்கும். தாரிங்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

“வகுப்புப் பக்கமே நீ வரக் கூடாது. நம்ம மொழியோட ஏழு வேற்றுமையில ரெண்டை வச்சே காலம் தள்ளுற தெக்கத்தி வ்ரான்யே ஊர்க்காரி நீ. பொண்ணு கெட்டுப்போயிடும்.”

“வரலீங்க வாத்தியாரே. உங்க காப்பிய மட்டும் அவ வந்து எடுத்துட்டுப் போகலாமில்ல?”

“தாராளமா.”

“அவ பேசலேன்னா?”

“அன்னிக்குப் பாத்திரம் பூரா நான் கழுவுறேன்.”

வகுப்பு தொடங்கியது. நான் வேற்றுமையை விளக்குவேன். அவள் மரியாதையாகத் தலையாட்டுவாள். எனக்குத் தொண்டை காயும். ஒரு நாளைக்கு எட்டுக் காப்பி. எடுக்கப் போனவள் அரைமணி கழித்துத்தான் வருவாள். காப்பி ஆறிப்போயிருக்கும். படிக்கிற பிள்ளைக்கு ஓய்வு வேண்டும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

திருநாள் வந்தது. முதல் விருந்தாளி ஓக்னெனின் ஞானத்தகப்பன் மிலுட்டின். நூற்றிருபது கிலோ. சிக்ரித் தட்டை நீட்டினாள். முதல் வரியைச் சொன்னாள். இரண்டாவது வரி வரவில்லை. முகம் சிவந்து கண் நிறைந்துவிட்டது. பாவி, எழுதிக் கொடுத்தவன் நான்தானே.

மாடி ஏறி வேர்த்துப்போன மிலுட்டின் அந்த நேரம் பார்த்து ஜன்னலைத் திறந்தார். வாசல் கதவும் திறந்து கிடக்கிறது! எதிரெதிரே காற்று புகுந்தால் ஆளையே சாய்த்துவிடும் என்பது செர்பியாவில் யாருக்குத்தான் தெரியாது? பனியிலும் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குகிற நாட்டுக்காரிதான் தெரியாமல் இருந்தாள். பத்து நாள் முன்புவரை. தட்டும் கையுமாகச் சிக்ரித் கத்தினாள்.

“ஐயையோ பெரியப்பா, சன்னலைச் சாத்துங்க! காத்தடிச்சு வாய் கோணிக்கும்! வெறுங்காலோட நிக்காதீங்க, செருப்பு எங்க? இப்படி எலும்பா இளைச்சிட்டீங்களே, வீட்டுல சாப்பாடே போடலையா? உக்காருங்க, சாப்பிடுங்க!”

அச்சு அசல் வ்ரான்யே. இரண்டே வேற்றுமை. தாரிங்காவின் குரல், தாரிங்காவின் கை ஆட்டல்.

மிலுட்டின் ஜன்னலைச் சாத்திவிட்டு எங்கள் வழக்கப்படி அவள் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தார். மாமியாரும் மருமகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன், ஒளிப்பானேன்.

“எப்படி இவளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தே?”

“நீங்கதானே ஒரு நாளைக்கு எட்டுத் தடவ அடுப்படிக்கு அனுப்பினீங்க?”

“அவதான் பேசிட்டாளே, அப்ப பாத்திரம்...”

“உங்க வரவேற்புரையையா பேசினா?”

நாற்பது பேர் மீன் சாப்பிட்ட தட்டுகள். தேய்த்துக்கொண்டிருந்தேன். சிக்ரித் இன்னொரு அடுக்கைக் கொண்டுவந்தாள். எனக்கு மனசு இளகிவிட்டது.

“அம்மாடி, இந்த மாமாகிட்டயும் ரெண்டு வார்த்தை பேசக் கூடாதா?”

கழுவி வைத்த தட்டு ஒன்றை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

“அடியிலயும் தேய்ங்க வாத்தியாரே.”