நாமக்கல்லைப் பார்த்தவர்கள்

காரின் கதவை எப்படித் திறப்பது என்று சின்னக்கண்ணுவுக்குத் தெரியவில்லை. ஊரறியச் சொன்னபடி பார்த்தால் அவன் இருபது தடவை காரில் போனவன். அதனால் யாரிடமும் கேட்கவும் முடியாது.

கொல்லிமலை அடிவாரத்தில், கரவள்ளிப் புளியமரத்தடியில் அந்த வாடகைக் கார் நின்றது. சின்னக்கண்ணு கதவைத் தள்ளினான், இழுத்தான், மேலே தூக்கிக்கூடப் பார்த்தான். மாமனார் அர்த்தனாரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"ஏன் மாப்ள, ஏறுலியா?"

"பெரியவங்க மொதல்ல ஏறோணும் மாமா. நீங்களே தொறங்க."

"அதெப்படி? கார் புடிச்சவன்தான் தொறக்கோணும். அதான் முறை."

கடைசியில் டிரைவர் ராசப்பன் இறங்கி வந்து திறந்துவிட்டார். அதற்குள் கண்ணாயி அந்தப் பக்கமாக ஏறி, சேலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவள் எப்படி ஏறினாள் என்று யோசிக்கிற நிலைமையில் ஆண்கள் இருவரும் இல்லை.

எல்லாம் சின்னக்கண்ணுவின் வாய் செய்த வேலை. மலைமேல் பல ஊர்கள் சேர்ந்த வாழவந்தி நாட்டில் அவனைப் போல உழைக்கிறவனும் கிடையாது, அவனைப் போல அளக்கிறவனும் கிடையாது. கல்யாணமான புதிதில் கண்ணாயியிடம், "நாமக்கல்லா? நம்ம கொல்லை மாதிரி. எத்தனை தடவை கோட்டை ஏறியிருக்கேன், எத்தனை தடவை கார்ல சுத்தியிருக்கேன்" என்று சொல்லித் தொலைத்தான். "அப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று அவள் பிடித்துக்கொண்டாள். இந்தத் தை, அடுத்த தை என்று அவன் தள்ளிக்கொண்டே போனான். ஒரு நாள் அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆலத்தூர் நாட்டில் இருக்கும் அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று மாதமாக அவனே களி கிண்டித் தின்றான். அதுகூடப் பெரிதில்லை. பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் ஒரு பேச்சுச் சத்தம் இல்லாமல் போனது, அதுதான் அவனை வாட்டி எடுத்தது. வெட்கத்தை விட்டு மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றான்.

அர்த்தனாரி பத்துப் பேர் முன்னால் சொன்னார்: "நான் பாக்காத நாமக்கல்லா? நானும் கூட வாரேன். நீ காட்டு. ஒரு எடம் தப்பாச் சொன்னாலும் புள்ளையை அனுப்ப மாட்டேன். ஊர்க்கூட்டத்துல வச்சு கல்யாணத்தையே முறிச்சுப்புடுவேன்."

உண்மை என்னவென்றால், சின்னக்கண்ணு சேந்தமங்கலம் சந்தைக்கு அப்பால் ஒரு அடி வைத்தவனில்லை. கொல்லிமலைக்கு ரோடும் கிடையாது, மலைமேல் சக்கரமும் கிடையாது. கலெக்டர் துரையே வந்தாலும் டோலியில்தான் ஏற வேண்டும். இதில் கார் எங்கிருந்து வரும்?

ஆகவே முந்தின நாளே இறங்கி வந்து, அடிவாரத்தில் இருந்த ஒரே கார்க்காரரான ராசப்பனிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தான். பார்க்க வேண்டிய இடம் வந்தால் ராசப்பன் ஒரு தடவை ஹாரன் அடிக்க வேண்டும். இவன் உடனே எதையாவது சொல்லிச் சமாளித்துக்கொள்வான். ஏற்பாடு அபாரமாகத்தான் இருந்தது.

கார் கிளம்பி ஒரு மைல் போகவில்லை, ஹாரன் அடித்தது. சின்னக்கண்ணு நிமிர்ந்தான். கண்ணுக்கு எட்டியது ஒரு இடிந்த சுவரும் அதன்மேல் உட்கார்ந்திருந்த காக்கையும்தான்.

"இதுதானுங்க மாமா, ராசா கொலுவிருந்த எடம்" என்றான்.

ரோட்டைக் கடந்த எருமை ஒன்று சாவகாசமாக ஒதுங்கியது. அப்போதுதான் ஹாரன் எதற்கு என்று அவனுக்கு விளங்கியது. சுவரும் சுண்ணாம்புக் காளவாய்ச் சுவர். போச்சு, முதல் இடத்திலேயே போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆமா, தெரியும்" என்றார் அர்த்தனாரி. "நானு பாக்கறப்ப காக்கா இல்லை."

சின்னக்கண்ணுவுக்கு ஒன்றும் புரியவில்லை. நிஜமாகவே ராஜா அங்கே இருந்திருப்பாரோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதன்பிறகு ஆடுகளுக்கு ஒரு ஹாரன், கட்டை வண்டிக்கு ஒரு ஹாரன். ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு ராஜாவைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நாமக்கல் வருவதற்குள் ஒன்பது ராஜாக்கள் செத்துப்போனார்கள்.

அப்புறம் ஒரு வளைவில் அந்தக் கல் வந்தது.

ஊருக்கு நடுவே ஒரே கல். ஒட்டில்லை, பிளவில்லை. அதன் உச்சியில் கோட்டைச் சுவர் கிரீடம் வைத்தாற்போல் உட்கார்ந்திருந்தது. பாறையிலேயே பிறந்து பாறையிலேயே வளர்ந்தவன்தான் சின்னக்கண்ணு. ஆனாலும் அவன் வாய் தானாகத் திறந்தது. இருபது தடவை பார்த்தவன் வாய் அப்படித் திறக்கலாமா? தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டான்.

"அடேயப்பா, எம்புட்டுப் பெரிசுங்க" என்றாள் கண்ணாயி.

"உம்" என்றான் துண்டுக்குள்ளிருந்து.

அர்த்தனாரிக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்து, முகத்தைத் தலைப்பாகைத் துணியால் மூடிக்கொண்டார்.

குளத்தருகே இறங்கிக் கடைவீதி வழியாக நடந்தார்கள். இனி ஹாரன் இல்லை என்றதும் சின்னக்கண்ணுவுக்குத் தைரியம் வந்தது. மலையில் ஒற்றையடிப் பாதை. ஒருவர் பின் ஒருவராகத்தான் நடப்பார்கள், முன்னால் போகிறவர் திரும்பாமலே பேசிக்கொண்டு போவார். இருபதடி அகல வீதியிலும் சின்னக்கண்ணு அப்படியே நடந்தான். கோட்டையை ஒரே ராத்திரியில் கட்டிய கதை, குளத்தைத் தோண்டிய ராணியின் கதை, அவள் மூக்குத்தி குளத்தில் விழுந்த கதை என்று வரிசையாக எடுத்துவிட்டான். பின்னாலிருந்து "உம், உம்" என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. கோயில் வாசலில் திரும்பினால், குடை பிடித்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் நின்றார்.

"நாப்பது வருசமா இந்த வீதியிலதானுங்க குடியிருக்கேன். இதெல்லாம் எனக்குத் தெரியாமப் போச்சுங்களே. அந்த மூக்குத்தி கெடைச்சுதுங்களா?" என்றார் அவர்.

கெடைச்சுது என்று சொல்லிவிட்டு சின்னக்கண்ணு ஓடினான். கண்ணாயி வளையல் கடையில் இருந்தாள். அர்த்தனாரி சோடாக் கடைமுன் நின்று, பாட்டிலுக்குள் கோலிக்குண்டு எப்படிப் போயிற்று என்று கடைக்காரர் பார்க்காத நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையைக் கண்டதும், "சோடா முன்ன மாதிரி இல்லை" என்றார்.

ஆஞ்சநேயர் முன்னால் போய் நின்றபோதுதான் சின்னக்கண்ணு தோற்றான். துண்டு கைவசம் இருந்தது. திணிக்கத் தோன்றவில்லை. தலைக்குமேல் கூரையில்லாமல், வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு, எதிரே மலைக்குள் இருக்கும் நரசிம்மரை விட்டுப் பார்வை அகலாமல், கைகூப்பி நின்றார் அவர். பாதத்திலிருந்து பார்க்கத் தொடங்கியவன் முகத்துக்கு வருவதற்குள் கழுத்து வலித்தது. கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

"யப்பா சாமி, இம்புட்டு உசரமா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

"ஏனுங்க, இருவது தடவை பார்த்திருக்கீங்க, இன்னைக்கென்ன புதுசா?" என்று கேட்டாள் கண்ணாயி.

அவனுக்கு வேர்த்தது. "போன தடவை வந்தப்ப இவரு கொஞ்சம் குட்டையா இருந்தாரு" என்றான்.

பொய்யிலும் இப்படி ஒரு பொய்யா என்று அவனுக்கே கூசியது. ஆனால் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பாவாயி என்கிற பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நெசந்தானுங்க. சாமி வளந்துக்கிட்டே இருக்காரு, அதனாலதான் கூரை போடலைன்னு பெரியவங்க சொல்லுவாங்க. நீங்க கண்ணாலயே பார்த்துட்டீங்களே" என்று சொல்லி, கண்ணாயி கேட்காமலே அவளுக்குப் பிடித்த மரிக்கொழுந்தை எடுத்து நீட்டினாள்.

வெகுநேரமாக நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்த அர்த்தனாரி மெல்ல எழுந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. "மாப்ள சொல்றது வாஸ்தவம். நானு பாக்கறப்ப இடுப்பளவுதான் இருந்தாரு" என்றார்.

பாறையில் வெட்டிய படிகளில் மூவரும் கோட்டைக்கு ஏறினார்கள். மலைக்காரர்களுக்கு அது ஒரு ஏற்றமே இல்லை. உச்சியில் காற்று வேட்டியைப் பிடுங்கியது. சின்னக்கண்ணு சுவரோரம் போய் நின்று ஒரு திக்கைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றான். வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, நீலமாக, மடிப்பு மடிப்பாக ஒரு மலை கிடந்தது. அதன் தலையில் மேகம் இறங்கியிருந்தது. அவ்வளவு அழகான ஒன்றை அவன் பார்த்ததேயில்லை.

"மாமா, அது எந்த மலைங்க?" என்று கேட்டுவிட்டான்.

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அர்த்தனாரி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதே திக்கைப் பார்த்தபடி நின்றார்.

"நம்ம மலைதானுங்க" என்றாள் கண்ணாயி மெதுவாக. "அந்த ரெண்டாவது மடிப்பு இருக்குதில்ல, அதுக்குள்ளதான் நம்ம ஊடு."

பிறந்ததிலிருந்து அதன்மேலேயே நின்றவனுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியாமலே போயிருந்தது. இதன்மேலா நான் கேழ்வரகு விதைக்கிறேன், இதன்மேலா என் அடுப்பு எரிகிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டான். இனிமேல் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"மாமா, நான் ஒண்ணு சொல்லோணும். நான் வந்து..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று அர்த்தனாரி அவசரமாக மறித்தார். "எல்லாம் சரியாத்தான் காட்டினே. புள்ளையைக் கூட்டிட்டுப் போ."

பொழுது இறங்குவதற்குள் கார் கரவள்ளிக்குத் திரும்பியது. அப்பனும் மகளும் முன்னே நடக்க, சின்னக்கண்ணு பின்தங்கி, வாடகை போக ஒரு பை மிளகை ராசப்பன் கையில் வைத்தான்.

"அண்ணே, நான் நாமக்கல் பார்த்ததில்லைன்னு மாமன்கிட்டயும் கண்ணாயிகிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க. ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

ராசப்பன் பையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சந்தைக்குன்னு சொல்லிட்டு மாசாமாசம் ஆத்தாளோட நாமக்கல்லுக்கு மிளகு கொண்டார்ற புள்ளைதானுங்க கண்ணாயி, 'எங்கூட்டுக்காரரும் எங்கப்பனும் அந்த ஊரைப் பார்த்ததே இல்லைங்ண்ணா, ஆசை இருந்தும் வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க, நான் கோவிச்சுக்கிட்டு உக்காந்தாத்தான் ரெண்டு பேரும் மலையை விட்டு இறங்குவாங்க, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க'ன்னு மூணு மாசத்துக்கு முன்னாடியே சொல்லி வச்சிருச்சுங்க."