லியனார்டின் இரண்டாவது கார்

"இங்கயே நிப்பாட்டு, பொன்னையா."

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி முனகிக்கொண்டு நின்றது. "வீடு இன்னும் கால் மைலு மேல இருக்குங்கய்யா," என்றான் லொறி ஓட்டி வந்த பொன்னையா. "அம்மா இந்த நெலமையில ஏத்தத்துல எப்படிங்க நடப்பாங்க?"

"டாக்டரே நடக்கச் சொல்லியிருக்காரு," என்றார் லியனார்ட்.

டாக்டர் அப்படிச் சொன்ன விஷயம் அவர் மனைவி டோரீனுக்கே அப்போதுதான் தெரிந்தது. எட்டு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு அவள் மெல்ல இறங்கினாள்.

லியனார்ட் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெரிய கிளாக்கர். ஆபீசில் அவர் இருமினால் மூன்று சின்னக் கிளாக்கர்கள் எழுந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்டவருடைய மூத்த மகள், மூன்று வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இதே லொறியில் கொழுந்துச் சாக்கின்மேல் பிறந்தாள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரோஸ்மேரி. தோட்டம் வைத்த பெயர் லொறிப் பாப்பா. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் கிளாக்கரையா பேரேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

"அடுத்தது லொறியில வேணாங்க," என்று டோரீன் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அன்றிலிருந்து அவர் பத்திரிகையில் கார் விளம்பரம் தேட ஆரம்பித்தார்.

கொழும்பில் புது ஜப்பான் கார்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். மலையில் பழையவை விலைக்கு வந்தன. நானுஓயாவில், தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற வியாகுலம் தம் மொரிஸ் மைனர் காரை விற்கிறாராம். சின்னக் குடும்பத்துக்கு ஏற்றது, பெற்றோல் அதிகம் குடிக்காது, இரண்டாவது காராக வைத்துக்கொள்ள உகந்தது என்று விளம்பரம் சொன்னது.

அந்தக் கடைசி வரிதான் லியனார்டைக் கெடுத்தது. ஒன்றுமே இல்லாதவன் போய் இரண்டாவது காரைக் கேட்பதா? கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்ற டோரீன் அந்தக் கோட்டைப் பார்த்தாள். "நாம காரு வாங்கப் போறோமா, பொண்ணு கேக்கப் போறோமா?"

"நீ பேசாம வா."

வாசலில் நின்ற வியாகுலமும் கோட்டுதான் போட்டிருந்தார். ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரை விட்டுச் சென்றதாக இருக்க வேண்டும். கோட்டின் தோள் இரண்டும் அவரைத் தாண்டிப் போயின.

"வாங்க மிஸ்டர் லியனார்ட். எப்படி வந்தீங்க?"

"நம்ம ஒஸ்டின் கேம்பிரிட்ஜ்லதான். கீழ வளைவுல நிக்குது. பெரிய வண்டி பாருங்க, இந்தப் பாதையில ஏறாது. இந்தச் சின்னது மிஸிஸுக்கு. சும்மா, ரெண்டாவது காரா இருக்கட்டுமேன்னு."

"எங்க ஹம்பரே ஏறுதே!" என்றார் வியாகுலம். "அது இப்ப கொழும்புல மகன்கிட்ட இருக்கு. அடுத்த கெழமை வந்துரும். ரெண்டு பேருக்கு ரெண்டு காரு எதுக்கு? அதான் இத விக்கிறேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி சிசிலி இருமுவது கேட்டது.

"ஒஸ்டினக் கண்ணால பாத்து நாளாச்சு," என்று வியாகுலம் படியிறங்கினார். "வாங்க, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வருவோம்."

லியனார்ட் படிக்குக் குறுக்கே வந்து நின்றார். "இப்ப அங்க இல்லீங்க. டிரைவர் பெற்றோல் அடிக்கக் கொண்டுபோயிட்டான்."

அந்த நேரம் பார்த்து வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தான் பொன்னையா. "கிளாக்கரையா! அம்மாவோட கைப்பை லொறியிலயே கெடந்திச்சுங்க."

"லொறியா?" என்றார் வியாகுலம்.

"ஆமாங்க," என்றார் லியனார்ட். தம் வாய் அடுத்து என்ன சொல்லப்போகிறதென்று அவருக்கே தெரியவில்லை. "ஒஸ்டின் வழியில மக்கர் பண்ணினா இழுக்கணுமே. அதுக்காகப் பின்னாலயே ஒரு லொறி வரும்."

வியாகுலம் பொன்னையாவைத் திரும்பிப் பார்த்தார். "ஒஸ்டினப் பாத்தியா?"

பொன்னையா பன்னிரண்டு வருடம் தோட்டத்துச் சோறு தின்றவன். "பாத்தேங்க," என்றான். "நல்ல வண்டிங்க." பையைத் தரையில் வைத்துவிட்டு, வந்ததைவிட வேகமாகப் போனான்.

பேச்சை மாற்ற லியனார்ட் கார் நின்ற கொட்டகைப் பக்கம் நடந்தார். வியாகுலம் மங்கிய கண்ணோடு மொரிஸின் கதவுப்பிடியை இரண்டு தடவை தடவித் தேடித் திறந்தார். டோரீன் பின் ஆசனத்தில் உட்கார்ந்தாள். முதுகைச் சாய்த்தாள். காலை மெல்ல நீட்டிப் பார்த்தாள். மூன்று வருடமாக லியனார்ட் பார்க்காத ஒரு நிம்மதி அவள் முகத்தில் வந்தது. என்ன ஆனாலும் இந்தக் காரை விடுவதில்லை என்று முடிவு செய்தார்.

"எடுத்துக்கிறேங்க. இன்னைக்கே."

வியாகுலம் தாடையைச் சொறிந்தார். "ஒரு சங்கதி இருக்கு. நோட்டன் பிரிட்ஜ்ல ஒரு வாத்தியாரும் கேட்டிருக்காரு. பாவம், அவர்கிட்ட காருன்னு ஒண்ணுமே இல்ல. பஸ்ஸுக்கு நின்னு நின்னு மழையில நனையிற மனுசன். ஒங்களுக்கு ஒஸ்டின் இருக்கு, அதுக்குப் பின்னால லொறி இருக்கு. ஒங்களுக்கு என்ன அவசரம்? காரே இல்லாதவருக்குத்தான மொதல்ல குடுக்கணும். நீங்க பெரிய மனுசர், கோவிச்சுக்க மாட்டீங்க."

பெரிய மனுசர் மொரிஸின் கூரைமேல் வைத்த கையை எடுக்கவில்லை.

டோரீன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சேற்றுச் செருப்பைப் பார்த்தபடி சொன்னாள். "வாத்தியாருக்கே குடுங்கய்யா. எங்களுக்குத்தான் லொறி இருக்கே. மூத்தவளும் அதுலதான பொறந்தா."

அவள் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் லியனார்டால் தாங்க முடியவில்லை. நானுஓயாக் குளிரில் அவர் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார்.

"ஒஸ்டின் இல்லீங்க," என்றார் தரையைப் பார்த்து. "எங்ககிட்ட எந்தக் காருமே இல்லீங்க. லொறியிலதான் வந்தோம். புள்ளத்தாச்சிய நான்தான் கால் மைலு நடக்க வச்சேன். ரெண்டாவது காருன்னு போட்டிருந்திச்சா... ஒண்ணுமில்லன்னு சொல்ல வெக்கமாப் போச்சுங்க."

வியாகுலம் சிரிக்கவில்லை. லியனார்டைவிட அதிகமாக அவர் முகம்தான் சிவந்திருந்தது. கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

சிசிலி தேநீர்த் தட்டோடு வந்து அதை மொரிஸின் பொனெட்டின்மேல் வைத்தார். "வாத்தியாருக்கு வேற பாத்துக்கலாம், இதுதான் அவசரம்," என்று கணவரின் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து டோரீனின் உள்ளங்கையில் அழுத்தினார். பிறகு லியனார்டைப் பார்த்துச் சொன்னார்.

"கோட்ட மாட்டிக்குங்க தம்பி, குளிருது. இவரும் இத ரெண்டாவது காருன்னு சொல்லித்தான் வாங்கினாரு. பதினோரு வருசமாச்சு, மொதக் காரு இன்னும் வந்து சேரல."