முடிவு தெரிந்த புத்தகம்

தையல்காரர் ஒரு சபதம் செய்தார். வருஷம் முடிவதற்குள் இருபது புத்தகம் படித்துவிடுவது.

அவரைக் கிளப்பிவிட்டது தெருமுனை வாடகை நூலகம். இருபது புத்தகம் படித்து முடிப்பவரின் போட்டோவைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டுவதாக நூலகத்து அம்மா அறிவித்திருந்தார். போட்டோ என்றால் தையல்காரருக்கு உயிர். அவருடைய கல்யாண போட்டோவில் அவர் முகம் பாதிதான் விழுந்திருந்தது. மீதிப் பாதியை மறைத்துக்கொண்டு பல்லைக் காட்டியவன் மனைவியின் தம்பி.

"இருபதா? உங்களால ஆகாதுங்க," என்றாள் மனைவி. கணவர் தைக்கும் சட்டைகளுக்குக் காஜா எடுப்பது அவள் வேலை. ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"ஆகும். பந்தயமா?"

"பந்தயம்தான். முடிக்கலைன்னா என் தம்பியை நீங்களே விருந்துக்குக் கூப்பிடணும்."

தையல் மெஷின் நின்றது.

"முடிச்சிட்டா?"

"அவன் பேச்சை இந்த வீட்டுல நான் எடுக்கவே மாட்டேன்."

"ஆயுசுக்கும்?"

"ஆயுசுக்கும்."

தையல்காரருக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. பதினோரு வருஷமாக மச்சினன் அந்த வாசலை மிதிக்கவில்லை. மிதிக்க இவர் விடவில்லை. அவன் பேரை மனைவி ஆரம்பித்தாலே மெஷினை வேகமாக மிதிப்பார். அந்தக் கடகடவில் பேர் நசுங்கிப் போகும்.

அவன் செய்தது சின்னக் குற்றமா என்ன! ஒரு நாள் சாப்பிட வந்தான். இவர் ஒரு துப்பறியும் நாவலைப் பாதியில் மடக்கி வைத்திருந்தார். கை கழுவிவிட்டு வந்தவன் அதைப் பார்த்தான். "அட, இதுவா மாமா? கொன்னது டாக்டர்தான்," என்றான். சொல்லிவிட்டு ஈரக் கையை இவர் துண்டிலேயே துடைத்துக்கொண்டான்.

துண்டைக்கூட மன்னித்துவிட்டார். டாக்டரை மன்னிக்க முடியவில்லை.

சபதம் ஜோராகத் தொடங்கியது. பன்னிரண்டாவது புத்தகத்தோடு படுத்துக்கொண்டது. அதற்கு மேல் எதைத் திறந்தாலும் கொட்டாவி வந்தது. அப்போதுதான் தையல்காரருக்கு மூளை வேலை செய்தது. அந்தத் துப்பறியும் நாவல் அலமாரியில்தானே இருக்கிறது? மச்சினன் மேல் கோபம் ஆறிப்போகும் போலிருந்தால் அதை எடுத்து ஒரு தடவை படிப்பது அவர் வழக்கம். படித்தால் கோபம் சுடச்சுடத் திரும்பி வந்துவிடும். இந்த வருஷம் மட்டும் எட்டுத் தடவை படித்திருந்தார். பன்னிரண்டும் எட்டும் இருபது!

நூலகத்து அம்மா தான் தைக்கக் கொடுத்த திரைச்சீலைகளை வாங்க வந்தபோது, தையல்காரர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சேதியைச் சொன்னார்.

மனைவி குதித்தாள். "அநியாயம்! ஒரே புத்தகத்தை எட்டுத் தடவை படிச்சா எட்டுப் புத்தகமா? ஒத்துக்காதீங்கம்மா!"

"இந்தா, ஒரு சட்டையைப் பிரிச்சு மறுபடி தைச்சா கூலி உண்டா இல்லையா?"

"நீங்களே கோணலாத் தைச்சதைப் பிரிச்சாலுமா?"

"பேச்சை மாத்தாதே. நேத்துச் சாப்பிட்டோம்னு இன்னிக்குச் சாப்பிட்டது கணக்கில்லையா?"

"அது பசிக்கு. இது போட்டோவுக்கு!"

நூலகத்து அம்மா யோசித்தார். "எங்க விதியில அதைப் பத்தி ஒண்ணும் இல்லை. ஆனா கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சப்புறம் துப்பறியும் கதையில என்ன இருக்கு?"

"அதானே! சப்புன்னு இருக்காதா?" என்று மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

தையல்காரர் எழுந்து நின்றார். அளவெடுக்கும் நாடா கழுத்தில் மாலை போல ஆடியது.

"அம்மா, முடிவு தெரியாம படிக்கிறவன் தலைதெறிக்க ஓடுறான். வழியில எதையும் பார்க்க மாட்டான். முடிவு தெரிஞ்சவன்தான் நிதானமா நடக்கிறான். அந்த டாக்டர் மூணாம் பக்கத்துலேயே கையுறையைத் தேடுறாரு. எதுக்குத் தேடுறாருன்னு முதல் தடவை படிக்கிறவனுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்!"

"அப்போ முடிவு முன்னாலேயே தெரிஞ்சா நல்லதுங்கிறீங்களா?" என்றாள் மனைவி, நம்பாதவள் போல.

"நல்லதா? பாக்கியம்டி! கொடுத்து வச்சிருக்கணும்!"

நூலகத்து அம்மா கை தட்டிவிட்டார். "எட்டும் கணக்குல உண்டு. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

தையல்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பதினோரு வருஷம் காத்திருந்த பார்வை அது.

"சரிங்க, தோத்துட்டேன்," என்று அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "இனிமே அவன் பேச்சை நான் எடுக்க மாட்டேன். ஏம்மா, நீங்க வேணும்னா கேளுங்களேன், இவருக்கும் இவரு மச்சினனுக்கும் என்ன சண்டைன்னு."

"என்னங்க சண்டை?" என்றார் நூலகத்து அம்மா.

"அந்தப் பயலா? நான் இதே நாவலைப் பாதி படிச்சுக்கிட்டு இருக்கும்போது முடிவை..."

தையல்காரர் வாய் திறந்தபடியே நின்றது.

"முடிவை?"

"...முன்னாலேயே சொல்லிட்டான்."

"அது பாக்கியம்னு இப்பதானே சொன்னீங்க?"

மெஷினை மிதிக்கலாமா என்று பார்த்தார். அதில் துணியே இல்லை.

"அது வேறம்மா, அவன் செஞ்சது குத்தம்," என்றார், குரல் இறங்கி.

"குத்தம்னா, முடிவு தெரிஞ்சு படிச்ச எட்டையும் நான் அடிச்சிடணும். பன்னிரண்டுதான் நிக்கும். போட்டோ கிடையாது. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

எட்டை விட்டால் பந்தயம் தோற்கும், மச்சினன் வருவான். எட்டை வைத்துக்கொண்டால் மச்சினன் குற்றமற்றவன், அப்போதும் வருவான். எப்படிப் போனாலும் மச்சினன் வருவதென்றால், போட்டோவோடு வரட்டும் என்று தையல்காரர் முடிவெடுத்தார்.

"பாக்கியம்தான்," என்றார்.

நூலகத்து அம்மா திரைச்சீலைகளோடு போனார். மனைவி அடுத்த சட்டையை எடுத்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்தவள் அல்லவா?

"ஞாயித்துக்கிழமை..." என்று தையல்காரர் தொண்டையைக் கனைத்தார். "அவனை வரச் சொல்லு."

"எவனைங்க?"

"உன் தம்பியைத்தான்!"

"நீங்க சொன்னா சரி," என்றாள் அவள்.

மச்சினன் வந்தான். வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது, முடி கொஞ்சம் பின்னால் போயிருந்தது. கையில் ஒரு பொட்டலம். "மாமா, உங்களுக்குத்தான். புத்தம் புதுத் துப்பறியும் நாவல்."

தலையணை கனம் இருந்தது. தையல்காரருக்குப் பதினோரு வருஷக் கோபம் கொஞ்சம் இளகியது. பயல் அவ்வளவு மோசமில்லையோ? மோந்து பார்த்தார். புது மை வாசனை.

"உங்களுக்கு எப்படிப் படிச்சாப் பிடிக்கும்னு அக்கா போன்ல எல்லாம் சொன்னா மாமா," என்றான் மச்சினன் பாசத்தோடு.

தையல்காரர் முதல் பக்கத்தைத் திருப்பினார். முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது:

'அன்புள்ள மாமாவுக்கு. கொன்றது தோட்டக்காரன்.'